இறந்த பெற்றோரின் ஆயுள் காப்பீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது: உயில் நிறைவேற்றுநருக்கு ஒரு வழிகாட்டி

ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்குத் தன் பாலிசிதாரர் இறந்துவிட்டார் என்பது பெரும்பாலும் யாராவது சொன்னால்தான் தெரியும். பிரீமியம் வருவது நின்றால் அது நினைவூட்டல் கடிதம் அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் பாலிசி காலாவதியாகிவிட்டது என்று பதிவு செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டையொட்டி மாநில அதிகாரிகள் நடத்திய விசாரணைகளில், சில பெரிய நிறுவனங்கள் அரசின் இறப்புப் பதிவேட்டை ஓய்வூதியப் பட்டுவாடாவை நிறுத்துவதற்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, ஆயுள் காப்பீட்டுத் தொகையைக் கொடுக்க வேண்டியவர்களைக் கண்டுபிடிப்பதற்குப் பயன்படுத்தாமல் விட்டிருந்தது தெரியவந்தது. அதன்பின் பல நாடுகளில் விதிகள் கடுமையாகியுள்ளன என்றாலும், உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர் ‘நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது, நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்’ என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

தேடத் தொடங்கும் முன் உங்கள் நிலை என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாலிசியில் பயனாளி என்று ஒருவர் பெயர் எழுதப்பட்டு, அவர் உயிரோடும் இருந்தால், அந்தப் பணம் பல நாடுகளில் உயிலுக்கு உட்படுவதில்லை. நிறுவனம் அதை நேராக அவரிடமே கொடுத்துவிடும். நிறைவேற்றுநர் அதை வாங்கவும் முடியாது, பங்கிடவும் முடியாது. அப்படியானால் எதற்குத் தேட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். முதல் காரணம், பயனாளி பெற்றோருக்கு முன்பே இறந்திருக்கலாம், அல்லது பெயரே எழுதப்படாமல் இருக்கலாம். அப்போது தொகை பெரும்பாலும் இறந்தவரின் சொத்தோடு சேர்ந்து உங்கள் கைக்குத்தான் வரும். இரண்டாவது காரணம் வரி: அமெரிக்காவில் பாலிசியின் உரிமை இறந்தவரிடமே இருந்திருந்தால், பணம் யாருக்குப் போனாலும் அது இறந்தவரின் சொத்துக்கான எஸ்டேட் வரிக் கணக்கில் சேரும், பிரிட்டனில் டிரஸ்டின் (பிறருக்காக ஒருவர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாட்டின்) கீழ் எழுதப்படாத பாலிசித் தொகை வாரிசு வரிக்கான சொத்து மதிப்பில் சேரும். மூன்றாவது, பயனாளிக்குத் தான் பயனாளி என்பதே தெரியாமல் இருக்கலாம். சொல்லப்போனால் பல தேடல்கள் இந்த மூன்றாவது காரணத்துக்காகவே பயன்படுகின்றன.

இந்தியாவில் நாமினி என்ற சொல் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவரே தவிர உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டபோது, பாலிசிதாரர் தன் பெற்றோரையோ வாழ்க்கைத் துணையையோ பிள்ளைகளையோ நியமித்திருந்தால் அவர்கள் தமக்கே பயன் பெறும் நாமினிகள் என்ற வகை சேர்க்கப்பட்டது. வாரிசுகளிடையே கருத்து வேறுபாடு இருந்தால் இந்த இடத்தில் ஊகம் செய்யாமல் வழக்கறிஞரைக் கேட்பதே சரி.

முதலில் செய்ய வேண்டியவை

இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட பிரதிகளைத் தேவை என்று நினைப்பதைவிடக் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒன்று கேட்கும், திருப்பித் தரும் நிறுவனங்கள் குறைவு. உயிலை உறுதி செய்யும் நீதிமன்றத்தின் புரோபேட் உத்தரவோ, உயில் இல்லாத நிலையில் நிர்வாக அதிகாரப் பத்திரமோ வந்துவிட்டால் அதன் பிரதிகளும் வேண்டும். பெற்றோர் உயிரோடு இருந்தபோது உங்களுக்குக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி அவர் இறந்த நொடியோடு முடிந்துவிட்டது. அதைக் காட்டி எந்த விவரமும் கேட்காதீர்கள்.

அடுத்ததாக ஒரு தாளில் இறந்தவரின் பெயர்களை எல்லாம் எழுதுங்கள். பெயர்களை என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைப்பெழுத்து முன்னால் போட்டது, பின்னால் போட்டது, அதை விரித்து எழுதியது, திருமணத்துக்கு முன் இருந்தது, பின் மாறியது, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியும் குறைந்தும் வெவ்வேறு ஆவணங்களில் பதிவானது என ஒரே மனிதருக்கு ஐந்தாறு வடிவங்கள் இருக்கும். கணினித் தேடல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் விடை தரும் என்பதால், ஒரு வடிவத்தில் மட்டும் தேடிவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று கோப்பை மூடுவது இந்த வேலையில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு. அதே தாளில் பிறந்த தேதி (பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருந்தால் அதுவும்), அடையாள எண்கள், குடியிருந்த முகவரிகள் அனைத்தும், வேலை பார்த்த நிறுவனங்கள், பார்த்த ஆண்டுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடலின் பிற்பகுதி முழுவதும் இந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

கைபேசி எண்ணையும் மின்னஞ்சல் கணக்கையும் அவசரப்பட்டு மூடாதீர்கள். பிரீமியம் நினைவூட்டல் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். அஞ்சல் அலுவலகத்தில் சொல்லி, இறந்தவருக்கு வரும் கடிதங்கள் உங்கள் முகவரிக்குத் திருப்பிவிடப்பட ஏற்பாடு செய்து, அதைக் குறைந்தது ஓராண்டுக்கும் சற்றுக் கூடுதலாக நீட்டித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கடிதம் அனுப்பும் நிறுவனம் அதற்குள் ஒரு முறையாவது எழுதிவிடும். இறந்தவரின் கடவுச்சொல்லைப் போட்டு அவருடைய கணக்குக்குள் நுழைவது மட்டும் வேறு விஷயம். சில நாடுகளின் சட்டமும் பல சேவைகளின் நிபந்தனைகளும் அதை அனுமதிப்பதில்லை. நிறைவேற்றுநர் என்ற முறையில் அந்தச் சேவை நிறுவனத்திடம் முறைப்படி விண்ணப்பிப்பது தாமதமானாலும் பின்னால் வம்பில்லாதது.

பணம் போன தடம்

பாலிசிப் பத்திரம் தொலைந்துபோகலாம்; ஆனால் பிரீமியம் ஏதோ ஒரு கணக்கிலிருந்து போயிருக்க வேண்டும். ஆகவே பீரோவைக் குடைவதற்கு முன் வங்கிக் கணக்கு அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். ஓராண்டு அறிக்கை போதாது என்பதே என் கருத்து. ஆண்டு பிரீமியம் கட்டுபவர் இறப்பதற்குப் பதின்மூன்று மாதம் முன் கட்டிவிட்டு, நோயில் படுத்த பிறகு அடுத்ததைக் கட்டாமல் விட்டிருக்கலாம். குறைந்தது மூன்றாண்டு, முடிந்தால் வங்கி எவ்வளவு பின்னோக்கித் தருமோ அவ்வளவு. அதில் ஒரே தொகை ஒரே இடைவெளியில் போன வரிகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பெறுபவர் பெயர் புரியாத சுருக்கமாகவோ, கட்டணம் வசூலிக்கும் இடைநிலை நிறுவனத்தின் பெயராகவோ இருக்கும். பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி வங்கியிடம் கேட்டால் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள். கிரெடிட் கார்டு அறிக்கை, பழைய காசோலைக் கட்டைகள், சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தங்கள், ஓய்வூதியத்திலிருந்து கழிக்கப்பட்ட தொகைகள் ஆகியவையும் இதே தடத்தின் கிளைகள்.

பணம் வந்த பக்கத்தையும் பாருங்கள். சில பாலிசிகள் இடையிடையே பணம் திருப்பித் தருபவை; சில ஆண்டுதோறும் இலாபப் பங்கு தருபவை. இறந்தவர் பாலிசியின் பேரில் கடன் வாங்கியிருந்தால் அந்தத் தொகை ஒரு நாள் மொத்தமாக வரவாகியிருக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் பங்குகள் அவரிடம் இருந்தாலும் சற்று நின்று யோசிக்க வேண்டும். பாலிசிதாரர்களுக்கே சொந்தமாக இருந்த பரஸ்பர நிறுவனங்கள் சில பங்கு நிறுவனங்களாக மாறியபோது பாலிசிதாரர்களுக்குப் பங்குகளைக் கொடுத்தன: ஆஸ்திரேலியாவில் ஏ.எம்.பி. 1998இல், அமெரிக்காவில் மெட்லைஃப் 2000இல், புருடென்ஷியல் 2001இல், பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் லைஃப் 2006இல். பங்குச் சந்தைப் பக்கமே போகாத ஒருவரிடம் இப்படிச் சில பங்குகள் மட்டும் இருந்தால், அவர் அந்த நிறுவனத்தின் பாலிசிதாரராக ஒரு காலத்தில் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வருமான வரிக் கணக்குகள் இன்னொரு சாட்சி. இந்தியாவில் 80சி பிரிவின் கீழ் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்குக் கழிவு கேட்டவர்கள் ஏராளம். கணக்கைத் தயாரித்த ஆடிட்டரின் கோப்பில் அதற்கான ரசீது நகல் இருக்கக்கூடும். மற்ற நாடுகளில், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த வட்டியோ இலாபப் பங்கோ வரிப் படிவங்களில் பெயரோடு பதிவாகியிருக்கும்.

ஆனாலும் வங்கிக் கணக்கில் ஒரு தடமும் இல்லை என்பதால் பாலிசியே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே தவணையில் முழுத் தொகையையும் கட்டி முடித்தவர்கள் உண்டு. பத்து ஆண்டுகள் மட்டும் கட்டி, அதன்பின் வாழ்நாள் முழுவதும் காப்பு தொடரும் வகையும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டி முடிந்த பாலிசி எந்த வங்கி அறிக்கையிலும் தலைகாட்டாது. அதைக் காகிதங்களில்தான் பிடிக்க முடியும்.

காகிதங்களும் மனிதர்களும்

வீட்டில் தேடும்போது பாலிசிப் பத்திரத்தை மட்டும் தேடாதீர்கள். ரசீதுத் துண்டு, பழைய நினைவூட்டல் கடிதம், மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொன்ன சீட்டு, ஏஜென்ட்டின் முகவரி அட்டை, நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட நாட்காட்டி அல்லது டைரி என்று எதுவும் துப்பாகலாம். முகவரிப் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் தொழில் எழுதும் பழக்கம் உள்ளவராக உங்கள் பெற்றோர் இருந்திருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். வங்கி லாக்கர் இருந்ததா என்று கேளுங்கள். லாக்கர் வாடகை கணக்கு அறிக்கையிலேயே தெரியும்.

ஒரு பாலிசி கிடைத்துவிட்டால் அதோடு தேடலை நிறுத்திவிடும் சபலம் வரும். உண்மையில் அப்போதுதான் தேடல் சூடு பிடிக்கிறது. பாலிசி வாங்கும்போது நிரப்பிய விண்ணப்பப் படிவத்தின் நகல் பத்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்திடம் கேளுங்கள். ‘உங்களுக்கு ஏற்கெனவே வேறு ஆயுள் காப்பீடு உள்ளதா, எந்த நிறுவனத்தில், எவ்வளவுக்கு’ என்ற கேள்வி அநேகமாக எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும். அதற்கு இறந்தவர் தன் கைப்பட எழுதிய பதில், வேறெங்கும் கிடைக்காத பட்டியல். பின்னாளில் எடுத்த பாலிசியின் விண்ணப்பம் முன்னாளில் எடுத்தவற்றைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், கிடைத்தவற்றுள் மிகச் சமீபத்தியதை முதலில் படியுங்கள்.

பிறகு மனிதர்களைக் கேளுங்கள். ஏஜென்ட், ஆடிட்டர், வழக்கறிஞர், வங்கி மேலாளர் ஆகியோர் வெளிப்படையான தேர்வு. அதைவிடப் பயன் தரக்கூடியவர்கள் இறந்தவரோடு ஒரே காலத்தில் வேலை பார்த்த நண்பர்கள். அலுவலகத்துக்கு வந்த ஏஜென்ட் ஒரே பிரிவில் பத்துப் பேருக்கு ஒரே பாலிசியை விற்றுவிட்டுப் போவது வழக்கம். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்காவது நிறுவனத்தின் பெயர் ஞாபகம் இருக்கும். மணமுறிவு நடந்திருந்தால், முன்னாள் வாழ்க்கைத் துணையிடமும் கேட்கத்தான் வேண்டும். சங்கடமான உரையாடல்தான், ஆனால் ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஆயுள் காப்பீட்டைத் தொடர வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கலாம். அதன் நகல் நீதிமன்றத்தில் கிடைக்கும்.

யாரும் பாலிசி என்று நினைக்காத காப்புகள்

இறந்தவர் தானாகப் போய் வாங்காத காப்பீடுகள்தான் மிக எளிதாக விடுபட்டுப் போகின்றன. இதில் முதலிடம் வேலை கொடுத்தவர் எடுத்த குழுக் காப்பீட்டுக்கு. கடைசி நிறுவனத்தை மட்டும் கேட்காமல், பட்டியலில் உள்ள எல்லா நிறுவனங்களின் பணியாளர் பிரிவுக்கும் எழுதுங்கள். ஓய்வுக்குப் பிறகும் சிறு தொகைக்குக் காப்பு தொடரும் திட்டங்கள் உண்டு, வேலையை விடும்போது குழுக் காப்பைத் தனிப் பாலிசியாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்கக் குழுப் பாலிசிகளில் வேலையை விட்ட நாளிலிருந்து 31 நாட்களுக்குள் இறந்தாலும் தொகை கிடைப்பது பொதுவான விதி என்பதால், இறப்புக்குச் சற்று முன் வேலை போயிருந்தால் தேதிகளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், தொழில்முறைச் சங்கம், முன்னாள் படைவீரர் அமைப்பு ஆகியவற்றில் உறுப்பினராக இருந்தாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அரசு அமைப்புகளோடு ஒட்டிய காப்புகளும் இருக்கின்றன. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக இருந்தபோதே இறந்தவருக்கு 1976ஆம் ஆண்டின் இ.டி.எல்.ஐ. திட்டத்தின் கீழ் 7 இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. அதற்குத் தொழிலாளி தனியாகப் பணம் கட்டுவதில்லை என்பதால் பல குடும்பங்களுக்கு அது இருப்பதே தெரியாது. வங்கிக் கணக்கில் மே மாதக் கடைசியில் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டிருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கான பிரீமியமாக இருக்கலாம். காப்பு 2 இலட்சம் ரூபாய், ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. சிங்கப்பூரில் கட்டாயச் சேமிப்பு நிதியான சி.பி.எஃப். உறுப்பினர்களுக்குச் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் தானாகவே தொடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஓய்வுக்கால சேமிப்பு நிதிகளான சூப்பர் கணக்குகளோடு ஆயுள் காப்பும் சேர்ந்தே வருவது வழக்கம். ஆனால் 2019இல் வந்த விதிப்படி, 16 மாதங்கள் தொடர்ந்து பணம் சேராத கணக்கில், உறுப்பினர் எழுதிக் கேட்டிருந்தாலொழிய, அந்தக் காப்பு நின்றுவிடும்.

கடன்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும்போது கடன் தொகைக்கு ஆயுள் காப்பு எடுக்க வைப்பது வங்கிகளின் பழக்கம். அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் நிறைவேற்றுநர் சொத்திலிருந்து கடனைக் கட்டி முடித்துவிட்டால், பணத்தைத் திரும்பப் பெறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆகவே எந்தக் கடனை அடைக்கும் முன்பும் ‘இந்தக் கடனுக்குக் காப்பீடு இருந்ததா’ என்று எழுத்தில் கேளுங்கள். இறப்பு விபத்தால் நேர்ந்திருந்தால் கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, பயணச்சீட்டு, வாகனக் காப்பீடு ஆகியவற்றோடு வரும் விபத்துக் காப்பையும் கேட்க வேண்டும். இவற்றுள் சிலவற்றில் அறிவிப்பதற்கான கெடு மிகக் குறுகியது.

நாடுகள் வைத்திருக்கும் தேடல் வசதிகள்

இறந்தவர் எந்தெந்த நாடுகளில் வாழ்ந்தாரோ அந்தந்த நாட்டில் இந்த வசதி உள்ளதா என்று பாருங்கள். அமெரிக்காவில் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கமான என்.ஏ.ஐ.சி. 2016 முதல் ஒரு தேடல் சேவையை இலவசமாக நடத்துகிறது. நீங்கள் தரும் விவரத்தைப் பங்கேற்கும் நிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பாலிசி இருந்து நீங்கள் பயனாளியாகவோ விவரம் பெறும் உரிமை உள்ளவராகவோ இருந்தால் நேரடியாகத் தொடர்புகொள்ளும். இல்லையென்றால் பதிலே வராது. அந்த மௌனத்துக்கு ‘பாலிசி இல்லை’ என்றும் பொருள் இருக்கலாம், ‘இருக்கிறது, ஆனால் உங்களிடம் சொல்லக் கூடாது’ என்றும் பொருள் இருக்கலாம். அதனால் நீங்கள் மட்டுமல்லாமல், பயனாளியாக இருக்கக்கூடிய உறவினர் ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

கனடாவில் ஓ.எல்.எச்.ஐ. என்ற குறைதீர்ப்பு அமைப்பு இத்தகைய தேடலைச் செய்துதருகிறது. பிரான்சில் அஜிரா என்ற அமைப்புக்கு எழுதினால் அது நிறுவனங்களுக்கெல்லாம் தெரிவிக்கும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த தொகை 2016 முதல் அமலில் உள்ள எக்கெர் சட்டத்தின்படி அரசு நிதி நிறுவனத்துக்குப் போய்விடுவதால், அதைச் சிக்லாட் என்ற இணையதளத்தில் தேட வேண்டும். ஸ்பெயினில் இறப்புக் காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கென்றே நீதி அமைச்சகத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. இறந்து 15 வேலை நாட்கள் கழிந்த பின் சான்றிதழ் கேட்கலாம், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் விவரம் அழிந்துவிடும். ஜப்பானில் ஆயுள் காப்பீட்டுச் சங்கம் 2021 ஜூலையில் இத்தகைய விசாரணை முறையைத் தொடங்கியது.

இந்தியாவில் எல்லா நிறுவனங்களையும் ஒரே வீச்சில் தேடும் வசதியை எதிர்பார்க்காமல், ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் உள்ள ‘கோரப்படாத தொகை’ பக்கத்தில் தனித்தனியாகத் தேடுங்கள். ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி நிறுவனங்கள் அந்த வசதியைத் தர வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் கேட்காத தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படுகிறது. மாறிய பிறகும் 25 ஆண்டுகள் வரை உரிமை கோரலாம் என்பதால் ‘காலம் கடந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். 1884இல் தொடங்கிய அஞ்சல் ஆயுள் காப்பீடு அஞ்சல் துறையின் கீழ் தனியாக இயங்குவது. அரசு ஊழியராக இருந்த பெற்றோர் என்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். மலேசியாவில் கோரப்படாத பணம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தலைமைக் கணக்காளர் துறைக்குப் போகிறது. இ-குமிஸ் தளத்தில் தேடலாம்.

இந்தக் ‘கோரப்படாத பணம்’ பட்டியல்களில் பெயர் ஏறுவதற்கே சில ஆண்டுகள் ஆகும். இன்று இல்லாதது மூன்றாண்டு கழித்து இருக்கக்கூடும்; நாட்காட்டியில் குறித்து வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதம்

துப்பு கிடைத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘பாலிசி எண் என்ன?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழைய நிறுவனம் இப்போது இல்லையென்றால் அதன் பாலிசிகள் வேறொன்றுக்கு மாறியிருக்கும். யாரிடம் மாறின என்று அந்த நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்கலாம். இந்தியாவில் 1956க்கு முந்தைய தனியார் பாலிசி ஒன்று கிடைத்தால் குழம்ப வேண்டாம்: அந்த ஆண்டு 245 நிறுவனங்களும் சங்கங்களும் நாட்டுடைமையாகி எல்.ஐ.சி.யோடு இணைந்தன.

கடிதத்தில் இறந்தவரின் பெயர் வடிவங்கள், பிறந்த தேதி, இறந்த தேதி, முகவரிகள் ஆகியவற்றைத் தந்து, இறப்புச் சான்றிதழையும் உங்கள் நியமன ஆணையையும் இணைத்து, கேள்விகளை இவ்வாறு வரிசையாகக் கேட்கலாம்: ‘மேற்கண்டவரின் உயிரின் மீது, அவர் பெயரிலோ பிறர் பெயரிலோ, நடப்பில் உள்ள, காலாவதியான, கட்டி முடிந்த, முதிர்ந்த, சரண்டர் செய்யப்பட்ட (காலம் முடியும் முன்பே ஒப்படைக்கப்பட்ட) பாலிசி அல்லது ஆண்டுத்தொகை ஒப்பந்தம் ஏதேனும் உள்ளதா? கடைசிப் பிரீமியம் எந்தத் தேதி வரை கட்டப்பட்டது? பாலிசியின் பேரில் கடன் நிலுவை உள்ளதா? பாலிசி யாருக்கேனும் ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டுள்ளதா? தொகை ஏதேனும் அரசுக்கோ நிதிக்கோ மாற்றப்பட்டுள்ளதா? பயனாளியின் விவரத்தை எனக்குத் தர இயலாவிட்டால், இந்த இறப்புச் செய்தியின் அடிப்படையில் நீங்களே அவரைத் தொடர்புகொண்டு, தொடர்புகொண்டதை எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்துமாறு வேண்டுகிறேன்.’

இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பயனாளி வேறொருவராக இருந்தால் நிறைவேற்றுநருக்கே விவரம் சொல்ல நிறுவனங்கள் மறுப்பது உண்டு. அதைப் பார்த்துக் கோபப்படுவதில் பயனில்லை, இரகசியம் காப்பது அவர்களின் கடமை. நீங்கள் இறப்பை அறிவித்தாகிவிட்டது என்பதே இங்கே முக்கியம். தெரிந்த பிறகும் சும்மா இருக்க முடியாதபடி நிறுவனத்தை ஒரு தேதியோடு கட்டிப்போடுகிறீர்கள்.

‘காலாவதியாகிவிட்டது’ என்ற பதில்

இந்தப் பதிலை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரீமியம் கெடு தாண்டிய பின் ஏறக்குறைய ஒரு மாத அளவுக்கு அவகாசக் காலம் உண்டு. அதற்குள் இறந்திருந்தால் நிலுவைப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு முழுத் தொகை தர வேண்டியிருக்கும். சேமிப்பும் சேர்ந்த பாலிசியாக இருந்து சில ஆண்டுகள் கட்டியிருந்தால், கட்டுவதை நிறுத்திய பின்னும் அது குறைந்த தொகைக்கான பெய்டு-அப் பாலிசியாக உயிரோடு இருக்கலாம், அல்லது சேர்ந்திருந்த மதிப்பைக் கொண்டே முழுத் தொகைக்கும் சில ஆண்டுகளுக்குக் காப்பு நீண்டிருக்கலாம். நிறுவனமே பாலிசி மதிப்பிலிருந்து கடனாக எடுத்துப் பிரீமியத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் ஏற்பாடும் உண்டு. இறந்தவர் நீண்ட நாள் முடங்கிக் கிடந்திருந்தால், ஊனமுற்ற காலத்துக்குப் பிரீமியத்தைத் தள்ளுபடி செய்யும் இணைப்பு அந்தப் பாலிசியில் இருந்ததா என்றும் கேளுங்கள். படுக்கையில் கிடந்தவர் அதற்கு விண்ணப்பிக்க மறந்திருப்பார். காலாவதியான தேதி, காலாவதி அறிவிப்பு அனுப்பிய முகவரி, அன்றைய சரண்டர் மதிப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே அந்தக் கோப்பை மூடலாம். வெறும் காப்பு மட்டும் தரும் டெர்ம் பாலிசிக்கு இந்த நம்பிக்கை கிடையாது. அவகாசக் காலம் கடந்தால் கடந்ததுதான்.

கட்டணம் கேட்பவர்கள்

இரங்கல் விளம்பரம் வெளியான சில வாரங்களில் ஓர் அழைப்பு வரக்கூடும்: உங்கள் தந்தையின் பாலிசியில் போனஸ் தேங்கிக் கிடக்கிறது, வரியாகவோ கோப்புக் கட்டணமாகவோ ஒரு தொகையைக் கட்டினால் விடுவித்துவிடலாம் என்பார்கள். கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுப்பதற்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் முன்பணம் கேட்பதில்லை. நிறுவனத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, நீங்களே கண்டுபிடித்த எண்ணில் அந்த நிறுவனத்தை அழையுங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டுத் தேடித் தருபவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் அல்லர் என்றாலும், அவர்கள் செய்வதில் பெரும்பகுதி மேலே சொன்ன இலவசத் தேடல்களே.

எங்கே நிறுத்துவது

நிறைவேற்றுநரிடம் சட்டம் எதிர்பார்ப்பது நியாயமான முயற்சி. உலகத்தில் உள்ள எல்லா நிறுவனங்களுக்கும் எழுதுவதை அல்ல. துப்பு கிடைத்த இடங்கள், வேலை பார்த்த இடங்கள், வாழ்ந்த நாடுகளின் தேடல் வசதிகள் ஆகியவற்றை முடித்து, அஞ்சலைத் திருப்பிவிட்டு ஓராண்டு காத்தும் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், சொத்தைப் பங்கிட்டுக் கணக்கை முடிக்கலாம். சொத்து சிறியதாக இருந்து வாரிசுகளுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் அந்த ஓராண்டைக் காத்திருக்காமல், ஒரு பகுதியை நிறுத்தி வைத்துவிட்டு மற்றதைக் கொடுப்பதும் உண்டு.

யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பெயர் வடிவத்தில் எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்ற குறிப்பேட்டைச் சொத்துக் கணக்குகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ‘ஏன் தேடவில்லை’ என்று ஒரு வாரிசு பின்னாளில் கேட்டால் அதுதான் பதில். கணக்கை முடித்த பிறகு சொத்துக்குச் சேர வேண்டிய பாலிசி ஒன்று வெளிப்பட்டால், நீதிமன்றத்தின் வழியே நிர்வாகத்தை மீண்டும் திறக்கவோ கூடுதல் சொத்தாகச் சேர்க்கவோ பெரும்பாலான நாடுகளில் வழி இருக்கிறது. அப்போது அந்தத் தொகையை முதலில் தீராத கடன்களுக்கும் வரிக்கும், மிச்சத்தை உயிலில் எஞ்சிய சொத்து யாருக்கென்று எழுதியிருக்கிறதோ அவருக்கும் கொடுக்க வேண்டும். பயனாளியின் பெயரோடு வெளிப்பட்டால் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவருடைய முகவரியை நிறுவனத்துக்கும், நிறுவனத்தின் முகவரியை அவருக்கும் அனுப்பிவிட்டு, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும்.